சந்திக்காத இருவரைத் திரையில் சந்திக்க வைப்பது: வரலாற்றுக் கற்பனைத் திரைக்கதைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வரலாற்றில் பெயர்பெற்ற இருவரை ஒரே அறையில் அமர்த்திப் பேசவைக்க வேண்டும் என்ற ஆசை, திரைக்கதை எழுதுகிற பலருக்கும் ஒரு கட்டத்தில் வந்தே தீரும். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் இரண்டு பெரிய பெயர்களின் வெளிச்சத்தை மட்டும் நம்பி எழுதத் தொடங்கினால், அறிமுகக் காட்சி முடிந்தவுடன் கதை தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு இருவரும் தத்தம் சாதனைகளையும் தத்துவங்களையும் மாறிமாறி ஒப்பிப்பதைத் தவிர அங்கே நடப்பதற்கு எதுவும் இருக்காது. இத்தகைய படத்தைத் தாங்கிநிற்பது புகழ் அன்று, பதிவேடுகளில் உள்ள ஓர் இடைவெளிதான் என்பது என் உறுதியான கருத்து. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து, அதன் விளிம்புகளை அளந்து, அதற்குள் மட்டும் கற்பனையை நிறுத்துவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன். விளக்கத்துக்காக ஒரே ஓர் எடுத்துக்காட்டை இறுதிவரை எடுத்துச் செல்கிறேன்: 1719-இல் நடந்திருக்கக்கூடிய, ஆனால் நடக்காமல்போன, இசையமைப்பாளர்கள் பாக் – ஹேண்டல் இருவரின் சந்திப்பு.

படி 1: இணையைத் தேர்வதற்கு முன் இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள்

இத்தகைய சந்திப்புகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது உதவும். முதல் வகையில் இருவரும் உண்மையாகவே சந்தித்திருக்கிறார்கள், ஆனால் என்ன பேசினார்கள் என்பது முழுமையாகத் தெரியாது. 1910 ஆகஸ்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகரத் தெருக்களில் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரும் உளப்பகுப்பாய்வாளர் சிக்மண்ட் ஃபிராய்டும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நடந்துகொண்டே பேசினார்கள்; அந்த உரையாடலின் சில துணுக்குகளே நம்மிடம் உள்ளன. 1941 செப்டம்பரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த கோபன்ஹேகனில் இயற்பியலாளர் ஹைசன்பெர்க் தம் ஆசிரியர் நீல்ஸ் போரைச் சந்தித்தபோது என்ன சொன்னார் என்பதில், பிற்காலத்தில் அந்த இருவரின் நினைவுகளே ஒன்றோடொன்று முரண்பட்டன. இரண்டாம் வகையில், சந்தித்திருக்க எல்லா வாய்ப்பும் இருந்தும் சந்திப்புக்குச் சான்று இல்லை. 1916-இல் லெனினும் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்சும் ஒரே சூரிச் நகரத்தில்தான் குடியிருந்தார்கள். மூன்றாம் வகை, நூற்றாண்டுகளால் பிரிந்தவர்களைக் கனவிலோ மறுவுலகத்திலோ சேர்ப்பது. முதன்முறையாக எழுதுபவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. அங்கே எதுவும் நடக்கலாம் என்பதாலேயே எதற்கும் எடை இருப்பதில்லை.

உரையாடல் முழுவதும் பதிவாகி அச்சில் வந்துவிட்ட சந்திப்புகளை விட்டுவிடுவதும் நல்லது. 1930 ஜூலை 14 அன்று பெர்லினுக்கு அருகிலுள்ள காபுத் கிராமத்தில் தாகூரும் ஐன்ஸ்டைனும் உண்மையின் இயல்பு குறித்துப் பேசியது அத்தகையது. அதைப் படமாக்குவது தழுவல் ஆகுமே தவிர, கற்பனைச் சந்திப்பு ஆகாது.

நமது எடுத்துக்காட்டு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பாக், ஹேண்டல் இருவரும் 1685-ஆம் ஆண்டிலேயே, ஒரே ஜெர்மானிய நிலப்பரப்பில், சில வாரங்கள் இடைவெளியில் பிறந்தவர்கள்; வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. 1719-இல் லண்டனிலிருந்து ஹேண்டல் தம் பிறந்த ஊரான ஹாலேவுக்கு வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, அருகிலுள்ள கேத்தன் அரசவையில் இசைத் தலைவராக இருந்த பாக் அங்கே விரைந்தார் என்றும், அவர் போய்ச்சேர்ந்த அன்றே ஹேண்டல் புறப்பட்டுவிட்டிருந்தார் என்றும் ஃபோர்கெல் எழுதிய பாக் வரலாறு சொல்கிறது. ஒரு நாள் தவறிப்போயிருக்கிறது. திரைக்கதை ஆசிரியருக்கு இதைவிட நல்ல கதவு கிடைப்பது அரிது.

படி 2: மூன்று நிற மையில் ஒரு நாள்வரிசை ஏடு

எழுதத் தொடங்குவதற்கு முன் ஓர் ஏட்டில் இரண்டு பத்திகள் வரைந்து, ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் நாள்வாரியாக எதிரெதிரே எழுதுங்கள். ஆவணச் சான்று உள்ளதைக் கறுப்பு மையிலும், பிற்காலத்தார் சொல்லி நாம் நம்புவதை நீல மையிலும், நீங்கள் கற்பனை செய்வதைச் சிவப்பு மையிலும் எழுத வேண்டும். இந்த ஒழுக்கம் சலிப்பூட்டுவதாகத் தோன்றலாம். ஆனால் படத்தின் நேர்மை முழுவதும் இந்த ஏட்டில்தான் தீர்மானிக்கப்படுகிறது என்பதால் இதில் அவசரம் கூடாது.

பாக் ஹாலேவுக்குப் போய் ஏமாந்து திரும்பிய கதையே நீல மையில்தான் வரும். ஏனெனில் ஃபோர்கெலின் நூல் 1802-இல், பாக் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அவருடைய மகன்களிடம் கேட்டறிந்த செய்திகளைக் கொண்டு எழுதப்பட்டது. ஹேண்டல் 1719-இல் லண்டன் இசை நாடக நிறுவனத்துக்குப் பாடகர்களை அமர்த்துவதற்காக ஐரோப்பியப் பெருநிலப்பகுதிக்கு வந்தார் என்பது கறுப்பு. முந்தைய ஆண்டு அவருடைய தங்கை இறந்ததும், உடனே வர இயலாமைக்கு வருந்தித் தங்கையின் கணவருக்கு அவர் கடிதம் எழுதியதும் கறுப்பு. 1717-இல் வைமார் பிரபுவின் பணியிலிருந்து விடுவிக்கும்படி பிடிவாதம் பிடித்ததற்காகப் பாக் ஏறக்குறைய நான்கு வாரம் சிறையில் இருந்ததும் கறுப்புதான்.

இப்படி எழுதிக்கொண்டே போகும்போது, தேடாமலே சில குறுக்கு இழைகள் கண்ணில் படும். ஹாலேவின் சந்தைத் தேவாலயத்தில் ஆர்கன் என்னும் பெரிய குழாய் இசைக்கருவியை வாசித்தவர் சாகோ; சிறுவன் ஹேண்டலுக்கு இசை கற்பித்தவர் அவர். சாகோ 1712-இல் இறந்த பிறகு, அந்தப் பணியிடம் பாக்குக்கு வழங்கப்பட்டது. பாக் அதை ஏற்காமல் வைமாரிலேயே தங்கிவிட்டார். 1716-இல் அதே தேவாலயத்தில் புதிதாகக் கட்டிய பெரிய ஆர்கனைச் சோதித்துச் சான்று தர அழைக்கப்பட்டவர்களில் பாக்கும் ஒருவர். ஆக, ஹேண்டல் விட்டுச்சென்ற ஊரில், அவருடைய ஆசிரியரின் இருக்கை பாக்குக்காகக் காத்திருந்து, மறுக்கப்பட்டிருக்கிறது. இப்படியோர் இழை அகப்பட்டதும் நாள்வரிசை ஏடு கதையாக மாறத் தொடங்கிவிடும்.

ஏட்டில் எதைச் சேர்ப்பதானாலும் அதன் ஊற்றுக்கண் வரை போய்ப் பாருங்கள். 1862-இல் லண்டனில் டிக்கன்சை தஸ்தயேவ்ஸ்கி சந்தித்தார் என்ற செய்தி 2002-இல் ஓர் ஆய்விதழில் வெளிவந்து, அதன்பின் டிக்கன்சைப் பற்றிய மதிப்புமிக்க வாழ்க்கை வரலாறுகளிலும் இடம்பெற்றது. அது முழுக்கப் புனைவு என்பது 2013-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டு நூல்கள் ஒரே செய்தியைச் சொல்கின்றன என்றால், இரண்டும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவையா என்று பார்த்தாக வேண்டும்.

படி 3: யாருக்கு யாரிடம் என்ன வேண்டும்

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான். இரு மேதைகளும் ஒருவரையொருவர் வியந்து பாராட்டும் காட்சியை யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள். இவருக்குத் தேவையான ஏதோ ஒன்று அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். அதைக் கேட்பதற்கு இவர் வெட்கப்பட வேண்டும், அல்லது அஞ்ச வேண்டும். அந்தத் தேவை இருபுறமும் சமமாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த இணையில் அந்தச் சமமின்மை பதிவேட்டிலேயே கிடைக்கிறது. ஹேண்டலின் படைப்புகளைப் பாக் தம் கைப்படப் பிரதி எடுத்துவைத்திருந்தார். மீண்டும் 1729-இல் ஹேண்டல் ஹாலேவுக்கு வந்தபோது, உடல்நலமின்றி லைப்சிக்கில் இருந்த பாக் தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடெமானை அனுப்பி அழைத்ததாகவும் ஃபோர்கெல் சொல்கிறார். ஹேண்டலால் வர இயலவில்லை. ஒருவர் இரண்டு முறை தேடுகிறார். மற்றவர் தேடியதற்கு அடையாளமே இல்லை.

எனவே பாக்கின் தேவையை எளிதில் அமைக்கலாம். தம் வயதையொத்த ஒருவன் இத்தாலியையும் லண்டனையும் கண்டு திரும்பியிருக்கிறான். ஜெர்மானிய நிலத்தைத் தாண்டாத பாக்குக்கு, வெளியே தமக்கும் ஓர் இடம் உண்டா என்று கேட்க ஆசை. இது சிவப்பு மை, ஆனால் கறுப்பு மையோடு மோதாத சிவப்பு. ஹேண்டலின் தேவையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் உழைக்க வேண்டும். இசையைப் பற்றிய எந்தப் பாராட்டும் அவருக்குத் தேவையில்லை. வேண்டிய அளவு லண்டனில் கிடைக்கிறது. ஆனால் தங்கையை இழந்த வீட்டுக்குக் காலம் தாழ்த்தி வந்திருக்கும் ஒருவருக்கு, தம் ஆசிரியரின் இருக்கை ஏன் மறுக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளும் தேவை இருக்கலாம். “அந்த இடத்தை ஏன் வேண்டாம் என்றீர்கள்?” என்று அவர் பாக்கிடம் கேட்கிறார். 1702-இல் அதே ஊரின் மற்றொரு தேவாலயத்தில் ஆர்கன் பணியை ஏற்று, ஓராண்டிலேயே உதறிவிட்டு ஹாம்பர்க்குக்குப் போனவர் ஹேண்டல். ஆகவே கேள்வி திரும்பி அவரையே தாக்கும். அந்த இடத்தில் படத்தின் நடு முடிச்சு விழுகிறது.

முதலில் தோன்றும் தேவையை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த இணைக்கு யாருக்கும் உடனே தோன்றுவது வாசிப்புப் போட்டி. இருவரையும் பற்றிப் போட்டிக் கதைகள் ஏற்கெனவே உண்டு. ரோமில் ஹேண்டல் இத்தாலிய இசைக்கலைஞர் ஸ்கார்லாட்டியோடு மோதியதாகவும், 1717-இல் டிரெஸ்டனில் பாக்கோடு மோதவேண்டிய பிரெஞ்சு இசைக்கலைஞர் மார்ஷான் விடிவதற்குள் ஊரைவிட்டுப் போய்விட்டதாகவும் சொல்வார்கள். போட்டி வைத்தால் யாரோ ஒருவரை வெல்லவைக்க வேண்டும். வரலாறு தராத தீர்ப்பைத் திரைக்கதை தருவது பொருந்தாது.

படி 4: இடம், நேரம், மூன்றாமவர்

இடத்தை ஒன்றாகவும் நேரத்தைக் குறுகியதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலையில் தொடங்கி மறுநாள் விடியலில் முடிவது இத்தகைய கதைக்கு இயல்பாகப் பொருந்தும். வெளியே வண்டி காத்திருக்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரிந்தால் போதும், ஒவ்வொரு மௌனத்துக்கும் விலை ஏறிவிடும்.

இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் அது மேடை நாடகம். கைகளுக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் அது சினிமா. நமது கதைக்குச் சந்தைத் தேவாலயமே களம். அங்கே இரண்டு ஆர்கன்கள் உண்டு: பாக் சோதித்த பெரிய புதிய கருவி ஒன்று, ஹேண்டல் பிறப்பதற்கும் இருபது ஆண்டு முந்தைய, 1664-ஆம் ஆண்டின் சிறிய கருவி மற்றொன்று. எதன்முன் யார் உட்காருகிறார் என்பதிலேயே காட்சி நகர்கிறது. புதியதன் நிறைகுறைகளைப் பாக் காட்டிக்கொண்டே போகையில், ஹேண்டல் ஒரு சொல்லும் சொல்லாமல் எதிர்ப்புறத்துப் பழைய கருவியை நோக்கிப் படியேறத் தொடங்கலாம். அங்கே வசனத்துக்கு வேலையில்லை.

இன்னொரு நடைமுறை விவரம் இந்தக் களத்துக்கு உயிர் கொடுக்கும். அக்காலத்தில் ஆர்கன் ஒலிக்க வேண்டுமானால், பின்னால் ஒருவர் துருத்தியை மிதித்துக் காற்று செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் அந்த இரவில் இருவர் மட்டும் அங்கே இருக்க முடியாது. துருத்தி மிதிக்கும் கூலியாள் ஒருவர் வேண்டும். அவருக்குத் தூக்கம் வரும், கால் வலிக்கும், கூலி பேச வேண்டும். அவர் நிறுத்தினால் இரு மேதைகளின் இசையும் நின்றுவிடும். இத்தகைய மூன்றாமவர் ஒருவரை எந்தக் கற்பனைச் சந்திப்பிலும் தேடிக் கண்டுபிடியுங்கள். புகழ்பெற்றவர்கள் யார் என்று தெரியாமல் அவர்களைச் சாதாரண மனிதர்களாகப் பார்க்கும் ஒரு கண் கிடைத்துவிடும். அவர் கேட்கும் எளிய கேள்விகளின் வழியாக, பார்வையாளருக்குத் தெரிய வேண்டிய தகவல்களும் விரிவுரையாக ஒலிக்காமல் வந்துசேரும்.

படி 5: இந்தச் சந்திப்பு ஏன் யாருக்கும் தெரியாமல் போனது

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. நீங்கள் ஒரு சந்திப்பைப் புனைந்துவிட்டீர்கள். வரலாறோ அப்படி ஒன்று நடக்கவில்லை என்கிறது. இந்த முரணைக் கதையே தீர்த்துவைக்க வேண்டும், அதுவும் பாத்திரங்களின் நலனிலிருந்து தீர்த்துவைக்க வேண்டும்.

பாக்கின் சிறைவாசம் இங்கே பயன்படும். ஒரு பிரபுவிடமிருந்து விலக விரும்பியதற்காகச் சிறையைப் பார்த்துவந்தவர், இரண்டே ஆண்டில் புதிய எஜமானரான இளவரசர் லியோபோல்டுக்குத் தெரியாமல் லண்டன்காரரிடம் வாய்ப்புக் கேட்கப் போனார் என்பது வெளியே தெரியக்கூடாது. எனவே “நான் போவதற்குள் அவர் கிளம்பிவிட்டார்” என்பது வீட்டாருக்கும் அரசவைக்கும் அவர் சொன்ன கதையாகிறது. ஃபோர்கெல் கேட்டறிந்ததும் அதைத்தான். வரலாற்றுச் சான்று அப்படியே நிற்கிறது, அதன் பொருள் மட்டும் படத்துக்குள் மாறுகிறது. இந்த ஒரு திருப்பம் சரியாக அமைந்துவிட்டால் படத்தின் கடைசிப் பதினைந்து நிமிடங்கள் தாமாகவே எழுதப்படும்.

படி 6: வசனம்

முதல் விதி, அவர்கள் எந்த ஆண்டில் நிற்கிறார்களோ அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது. 1719-இல் பாக்கின் மத்தேயு பாடுகள் இசை பிறக்கவில்லை, ஹேண்டலின் மெசையா பிறக்க இன்னும் 22 ஆண்டுகள் ஆகும். எதிர்காலத்தைக் குறித்துப் பார்வையாளர் புன்னகைப்பதற்காக எழுதப்படும் வரிகளை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெட்டிவிடுங்கள். இருவரும் தம் கடைசிக் காலத்தில் பார்வை இழந்ததும், ஜான் டெய்லர் என்ற ஒரே கண் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றதும் வரலாறு. அதைக் கண்களைப் பற்றிய ஒரு வசனத்தில் முன்கூட்டிச் சுட்டிக்காட்டும் ஆசை வலுவாகவே இருக்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

அவர்களுடைய கடிதங்களிலும் நூல்களிலும் உள்ள புகழ்பெற்ற வாக்கியங்களை அப்படியே வாயில் திணிக்காதீர்கள். எழுதும்போது வரும் நடையும் களைப்பான இரவில் பேசும்போது வரும் நடையும் ஒன்றல்ல. தமிழில் எழுதும்போது இலக்கண சுத்தமான செந்தமிழைக் கொடுத்தால் பாத்திரங்கள் சிலைகளாகிவிடுவார்கள். இன்றைய தெருப் பேச்சைக் கொடுத்தால் காலம் கலைந்துவிடும். வட்டார வாடை இல்லாத, குறுகிய வாக்கியங்களைக் கொண்ட, இயல்பான பேச்சு நடையே பொருந்தும். இருவரும் ‘நீங்கள்’ என்றே தொடங்கட்டும். யாராவது ஒருவர் ‘நீ’ என்று இறங்கினால், அது கதையின் நிகழ்வாக இருக்க வேண்டும்.

பேசுபவரின் முகத்தைவிடக் கேட்பவரின் முகமே இத்தகைய படத்தில் முக்கியம். திரைக்கதையிலேயே, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருடைய கை என்ன செய்கிறது என்பதை எழுதிவிடுங்கள்.

படி 7: அளவும் அடுக்கும்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்கில் 100 பக்கத் திரைக்கதை என்றால், இருவரும் நேருக்குநேர் வருவது 25-ஆம் பக்கத்துக்குள் நிகழ்ந்துவிட வேண்டும். அதுவரை இருவரையும் தனித்தனியே, அவரவர் பலவீனத்தில் காட்டுங்கள். பிளாஷ்பேக்கைக் கூடியவரை தவிர்க்கலாம். கடந்த காலம் பேச்சில் கசிந்தால் போதும்.

படி 8: சட்டமும் நாணயமும்

பாக், ஹேண்டல் போன்றவர்களிடம் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. அண்மைக் காலத்தவரைத் தொட்டால் நிலைமை வேறு. கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வரிக்கு வரி பயன்படுத்துவதற்குப் பதிப்புரிமை குறுக்கே வரும். எழுதியவர் மறைந்தபின் பல நாடுகளில் 70 ஆண்டுகளும் இந்தியாவில் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கிறது. மறைவுக்குப் பின் முதன்முறையாக அச்சேறிய எழுத்துகளுக்குக் கணக்கு மாறக்கூடும். இறந்தவரின் பெயருக்கும் உருவத்துக்கும் வாரிசுகள் உரிமை கோருவதற்குச் சில நாடுகளின் சட்டம் இடம் தருகிறது. தயாரிப்பாளரிடம் கதை சொல்வதற்கு முன்பே, இதை அறிந்த ஒரு வழக்கறிஞரிடம் திரைக்கதையைக் காட்டிவிடுவது நல்லது.

சட்டம் அனுமதிப்பது எல்லாம் நியாயம் ஆகிவிடாது. செய்யாத குற்றத்தை, சொல்லாத வெறுப்புச் சொல்லை, இல்லாத துரோகத்தை உண்மை மனிதர் ஒருவர்மேல் ஏற்றுவதற்குக் கற்பனை உரிமை தராது. அவருக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. சிவப்பு மையில் எழுதிய ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதனால் இந்த மனிதரின் நற்பெயரில் நிலையான கறை படியுமா என்று பாருங்கள். படியுமென்றால் அந்தச் செயலைக் கற்பனைப் பாத்திரம் ஒன்றுக்கு மாற்றிவிடலாம். சந்திப்பு கற்பனை என்பதைப் படத்தின் தொடக்கத்தில், படிக்க நேரம் தரும் டைட்டில் கார்டில், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலுக்கு நடுவில் அதை ஒளித்துவைப்பது பார்வையாளரை ஏமாற்றுவதாகும். படத்தின் முடிவுக்கு வரும் கார்டில் உறுதியான செய்திகள் மட்டும் இருக்கட்டும். நம் கதைக்கு ஒன்று போதும்: பாக்கின் மூத்த மகன் ஃபிரீடெமான் 1746-இல் ஹாலே சந்தைத் தேவாலயத்தின் ஆர்கன் கலைஞராகப் பணியேற்றார்.

படி 9: முதல் வரைவைச் சோதித்தல்

பெயர்களை எல்லாம் நீக்கி, ‘முதலாமவர்’, ‘இரண்டாமவர்’ என்று மட்டும் போட்டு, இந்த வரலாறு தெரியாத இரண்டு நடிகர்களிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர்கள் ஆர்வம் இழக்கிறார்களோ, அங்கே நீங்கள் புகழை நம்பியிருக்கிறீர்கள் என்று பொருள். அடுத்து, இருவரின் வசனங்களையும் இடம் மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். மாற்றியும் காட்சி ஓடினால், பாத்திரங்கள் இன்னும் பிரியவில்லை.

கடைசியாக, அந்தத் துறையை ஆழ்ந்து அறிந்த ஒருவரிடம் வரைவையும் மூன்று நிற ஏட்டையும் சேர்த்துக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்க வேண்டாம். அது அவர் வேலையன்று. இந்த மனிதர் அந்த ஆண்டில் அறிந்திருக்க முடியாத செய்தி எது, தொட்டிருக்க முடியாத பொருள் எது, சொல்லியிருக்கவே முடியாத வரி எது என்று கேளுங்கள். அவர் அடிக்கோடிடும் ஒவ்வொன்றையும், அது உங்களுக்கு மிகவும் பிடித்த வரியாகவே இருந்தாலும், அடுத்த வரைவில் எடுத்துவிடுங்கள்.